படத்தின் தெளிவும் கணக்கின் தெளிவும்

தெளிவு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் உண்டு. கண்முன் உள்ளது கலங்காமல் தோன்றுவது ஒன்று. ஆராய்ந்து பார்த்தபின் ஒருவர்மேல் உள்ளம் கொள்ளும் நம்பிக்கை மற்றொன்று. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தது இவ்விரண்டாம் பொருள்பற்றியே. முதல்வகைத் தெளிவைக் காசுக்கு விற்கப் புறப்பட்ட ஓர் அமெரிக்க நிறுவனம், தன் பங்குகளை வாங்கினோர்க்கு இரண்டாம் வகைத் தெளிவைத் தரவில்லை. அதனால் அவர்கள் நெஞ்சில் எழுந்த ஐயம் எத்தகையது, அதில் ஞாயம் எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கவே இதனை எழுதுகின்றேன்.

'அயல்நாட்டு வாணிகம் தமிழாசிரியனுக்கு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கப் பங்குகளை வாங்குவோர் நியூயார்க்கில் மட்டும் இல்லை. இந்திய நடுவண் வங்கியின் நெறிப்படி ஒருவர் ஆண்டுக்கு 2,50,000 தாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்; அப்பணத்தில் அந்நாட்டுப் பங்குகளையும் வாங்கலாம். சென்னையிலும் கோவையிலும் கணிப்பொறிமுன் அமர்ந்து பணிசெய்யும் நம் பிள்ளைகள் கைப்பேசி வழியாகவே அவற்றை வாங்கி விற்கின்றனர். என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர், 'ஐயா, படம் அவ்வளவு தெளிவாக இருக்கின்றதே, பங்கு மட்டும் ஏன் விழுந்தது?' என்று கேட்டார். படத்தையும் பங்கையும் ஒன்றாக எண்ணிய அந்த எண்ணமே விளக்கப்பட வேண்டியது. (டாலரைத் தாலர் என எழுதுகின்றேன், டகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. நிறுவனப் பெயர்களை மட்டும் அடையாளம் மாறாதிருக்கும் அளவிற்கு விட்டுவைத்துள்ளேன்.)

நிறுவனத்தின் பெயர் கியூரியாசிட்டி சுட்ரீம். தமிழில் அறிவுவேட்கை ஓடை எனலாம். நிறுவியவர் சான் எண்டிரிக்சு. 1985-இல் டிசுகவரித் தொலைக்காட்சியைத் தொடங்கியவரும் இவரே. காட்டு விலங்கையும் கடலடியையும் விண்வெளியையும் வீட்டுக் கூடத்திற்குக் கொணர்ந்த அத்தொலைக்காட்சி, நாளடைவில் மெய்ந்நிகழ்ச்சி என்னும் பெயரால் நடக்கும் கூத்துகளுக்கும் இடங்கொடுத்தது. 2014-இல் அதன் தலைமையினின்று விலகிய எண்டிரிக்சு, 2015 மார்ச்சில் விளம்பரம் ஏதுமின்றி அறிவியல், வரலாறு, இயற்கை ஆகியவைபற்றிய ஆவணப்படங்களை மட்டுமே இணையத்தின் வழியே ஓடவிடும் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். நோக்கம் நல்ல நோக்கம். பள்ளியாசிரியன் எவனும் குறைசொல்லத் தகாத நோக்கம். ஆயின், நல்ல நோக்கம் உடையார் கணக்கையும் நன்றாகவே வைத்திருப்பர் என்று நாமாக எண்ணிக்கொள்கின்றோமே, அங்கேதான் சறுக்கல் தொடங்குகின்றது.

இனி, மீயுயர் தெளிவு என்பது யாது? திரையில் தோன்றும் படம் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. உயர்தெளிவுப் படத்தில் அகலத்திற்கு 1920, உயரத்திற்கு 1080 ஆக, 20,73,600 புள்ளிகள். மீயுயர் தெளிவுப் படத்தில் அகலத்திற்கு 3840, உயரத்திற்கு 2160 ஆக, 82,94,400 புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு. இதனை விற்போர் நாலாயிரம் என்னும் பொருள்பட '4கே' என்று அழைக்கின்றனர். எண்ணிப் பாருங்கள், 3840 நாலாயிரம் ஆகாது. திரையரங்குப் படத்திற்கான அளவே 4096. அதன் பெயரைக் கடன்வாங்கி வீட்டுத் திரைக்கும் ஒட்டிவிட்டனர். 160 புள்ளி குறைவது பெரிதன்று. ஆயினும், ஓர் எண்ணைப் பெயராகச் சூட்டும்போதே அதனைச் சற்று மிகுத்துச் சொல்லும் வழக்கம் இத்தொழிலில் முன்னரே புகுந்துவிட்டது என்பதை இங்குக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

இம்மீத்தெளிவுக்கு இந்நிறுவனம் வைத்திருந்த விலை திங்களுக்கு 9.99 தாலர். எளிய உயர்தெளிவுக்கு 2.99 தாலர், ஆண்டுக்கு ஒருமுறையாகச் செலுத்தினால் 19.99 தாலர். மும்மடங்குக்கும் மேற்பட்ட விலை கொடுத்து நான்மடங்கு புள்ளிகளை வாங்குவோர் எத்துணைப் பேர் இருப்பர்? சிறிய திரையை எட்ட அமர்ந்து பார்ப்பவன் கண்ணுக்கு நான்மடங்கு புள்ளியால் நான்மடங்கு தெளிவு கிட்டிவிடாது. அன்றியும், இத்தகைய படம் தடங்கலின்றி ஓட நொடிக்கு 15 மெகாபிட்டு அளவிலான இணைப்பு வேண்டும். ஒருமணிநேரப் படத்திற்கு ஏறத்தாழ 7 கிகாபைட்டு செலவாகும்.

இவற்றினும் பெரிய தடை வேறொன்று. யூடியூபு 2010 முதலே இவ்வளவில் ஆன படங்களை விலையின்றிக் காட்டத் தொடங்கிவிட்டது. நெட்பிளிக்சு 2014-இல் தொடங்கியது. 2019 நவம்பரில் வந்த டிசுனி பிளசு, நேசனல் சியாகிராபிக்குப் படங்களையும் சேர்த்து, மீத்தெளிவுக்கெனத் தனிக்கட்டணம் கேளாமல் திங்களுக்கு 6.99 தாலருக்கே கொடுத்தது. 2021 சனவரியில் எண்டிரிக்சு பெற்று வளர்த்த டிசுகவரியே தனக்கென ஓர் ஓடையை அமெரிக்காவில் திறந்துவிட்டது. ஆகவே, மீத்தெளிவு என்பது இச்சிறு நிறுவனத்தின் தனியுடைமை அன்று. ஊரார் எல்லாரும் நீர் இறைக்கும் கிணற்றில் ஒருவன் மட்டும் தன் வாளித் தண்ணீர்க்குக் கூடுதல் விலை கேட்டால் எவர் கொடுப்பார்? முதலீட்டாளர் கொண்ட முதல் ஐயம் இது. ஞாயமான ஐயமே.

அடுத்து, இந்நிறுவனம் பங்குச் சந்தைக்குள் நுழைந்த வழியைப் பார்ப்போம். 2020 அக்தோபரில் நாசுடாக்குச் சந்தையில் இது இடம்பெற்றது. நேர்வாயில் வழியாக அன்று, வெற்றுக்கூடு வழியாக. அமெரிக்காவில் அக்காலத்தே பெருவழக்காய் இருந்த ஒரு முறை இது. தொழில் ஏதும் இல்லாத ஒரு நிறுவனத்தைத் தொடங்குவர். பங்கு ஒன்று 10 தாலர் என்று மக்களிடம் பணம் திரட்டுவர். பின்னர், அப்பணத்தோடு இணைவதற்கு உண்மையான தொழில் ஒன்றைத் தேடுவர். குறித்த காலத்திற்குள் தொழில் கிட்டாவிடின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். அமைப்பாளர்க்கு உரிய பங்கும் வெறும் தாளாய்ப் போகும். கிட்டினாலோ, சிறு முதலுக்குப் பெரும்பங்கு அவர்க்கு. அஃதாவது, நல்ல தொழில் கிட்டவேண்டும் என்பதைவிட ஏதோ ஒரு தொழில் கிட்டவேண்டும் என்பதே அமைப்பாளர்க்குத் தலைமையான தேவை ஆகிவிடுகின்றது. பெண்வீட்டாரிடமும் பிள்ளைவீட்டாரிடமும் கூலி பெறும் தரகன், திருமணம் முடிந்தால் போதும் என்று நிற்பதைப் போன்றது இது.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. இந்நிறுவனத்தை இணைத்துக்கொண்ட வெற்றுக்கூட்டின் பெயர் சாப்ட்டுவேர் அக்குவிசிசன் குரூப்பு. மென்பொருள் நிறுவனங்களை வாங்கும் குழு என்பது அதன் பொருள். அது வாங்கியதோ ஆவணப்பட நிறுவனம். பெயர் ஒன்று, செயல் ஒன்று!

வெற்றுக்கூட்டு வழியில் வருவோர், வருங்காலத்தில் இவ்வளவு ஈட்டுவோம் என்னும் கணிப்புகளைப் பிறரைவிடத் தாராளமாகவே மக்கள்முன் வைத்தனர். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2024 சனவரியில் அதற்குக் கடிவாளம் இட்டது. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: இந்நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில் வருவாய் உயர்ந்துதான் வந்தது. 2020-இல் 3.96 கோடித் தாலர், 2021-இல் 7.13 கோடித் தாலர். 2021 தொடக்கத்தில் பங்கின் விலையும் 10 தாலருக்கு மிக மேலே நின்றது. அப்போது ஐயம் கொண்டோரை ஏளனம் செய்தோரே மிகுதி.

இனித்தான் மூலச்சிக்கல் வருகின்றது. 2021 முடிவில் 'கட்டணம் செலுத்தும் உறுப்பினர் ஏறத்தாழ 2 கோடியே 30 இலக்கம்' என்று நிறுவனம் அறிவித்தது. எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் எவர்க்கும் மனம் பொங்கும். நெட்பிளிக்சுக்கு அப்போது உலகெங்கும் 22.18 கோடி உறுப்பினர். அதில் பத்திலொரு பங்கைச் சின்னஞ்சிறு நிறுவனம் ஒன்று எட்டிவிட்டதெனில் சிறிய செய்தியா?

ஐந்தாம் வகுப்பு மாணாக்கன் செய்யும் வகுத்தல் கணக்கைச் செய்து பாருங்கள். 7.13 கோடித் தாலரை 2.3 கோடிப் பேர்க்கு வகுத்தால் ஒருவர்க்கு 3 தாலர் 10 செண்டு. திங்களுக்கு அன்று, ஆண்டுக்கு! ஆண்டின் இடையில் சேர்ந்தவர்களைக் கருதிக் கழித்துப் பார்த்தாலும் 4 தாலரைத் தாண்டாது. மேலும், அவ்வருவாய் முழுவதும் கட்டணமும் அன்று. படங்களின் உரிமத்தைப் பிறர்க்கு விற்றதும் அதனுள் அடங்கும். ஆண்டுக் கட்டணமான 19.99 தாலரை அத்தனைப் பேரும் செலுத்தியிருப்பின் ஏறத்தாழ 46 கோடித் தாலர் வந்திருக்கவேண்டும். வந்ததோ அதில் ஆறிலொரு பங்கும் இல்லை. நெட்பிளிக்சின் அவ்வாண்டு வருவாயான 2,970 கோடித் தாலரை அதன் உறுப்பினர்க்கு வகுத்தால் தலைக்கு 134 தாலர் வருகின்றது. 134 எங்கே, 3 எங்கே?

கரணியம் என்னை? அவ்வெண்ணிக்கையில் நான்கைந்து வகையினரை ஒரே சொல்லால் கட்டிவைத்திருந்தனர். தம் பணத்தைத் தாமே செலுத்திப் படம் பார்ப்போர் ஒரு வகையினர். பல நாடுகளில் உள்ள கம்பிவடத் தொலைக்காட்சி நிறுவனங்களும் தொலைபேசி நிறுவனங்களும் தம் வாடிக்கையாளர்க்குத் தரும் தொகுப்பில் இவ்வோடையையும் ஒன்றாகச் சேர்த்துவிட, அதனால் பெயரளவில் உறுப்பினர் ஆனோர் மற்றொரு வகையினர். நிறுவனங்கள் தம் பணியாளர்க்காக வாங்கியவையும் உண்டு. தொகுப்பின்வழி வந்தவருள் தமக்கு இப்படியோர் உறுப்புரிமை உள்ளது என்பதையே அறியாதார் இருந்திருப்பர் என்று எண்ணுவது மிகையன்று. அவர்க்காக வழங்குநர் கொடுப்பது தலைக்குச் சில செண்டுகள்.

இதழ் நடத்துவோர்க்கும் இதழ் வாங்குவோர்க்கும் இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. பணவிடை அனுப்பி ஓராண்டுக் கட்டணம் செலுத்தி, ஒரு திங்கள் இதழ் வரவில்லையெனின் மடல் எழுதிச் சண்டையிடும் உறுப்பினர் ஒருவர். துணிக்கடைக்காரர் மொத்தமாக வாங்கித் துணியோடு பையில் போட்டனுப்பிய படியைப் பெற்றவர் மற்றொருவர். இருவர் கையிலும் இருப்பது ஒரே இதழ்தான். அச்சகத்துக் கணக்கில் இருவரும் ஒன்றே. ஆயின், முன்னவர் ஆயிரவர் இருந்தால் இதழ் நிற்கும். பின்னவர் பதினாயிரவர் இருந்தாலும், துணிக்கடைக்காரர் மனம் மாறிய மறுதிங்களே இதழ் படுத்துவிடும். இருவரையும் 'உறுப்பினர்' என்னும் ஒரே சொல்லால் கூட்டிச் சொன்னால் கூட்டல் சரி, சொல் தவறு.

இந்நிறுவனம் மறைத்தது என்று சொல்ல யான் வரவில்லை. உறுப்பினர் இன்னின்ன வகையினர் என்பதை அதன் அறிக்கைகளின் உட்பக்கங்களில் சொல்லித்தான் இருந்தது. ஆயினும், தலைப்பில் முழங்கியது 2.3 கோடி, உட்பக்கத்தில் முணுமுணுத்தது அதன் பிரிவு. பொருள் என்னும் சொல் தமிழில் செல்வத்தையும் குறிக்கும், சொல் உணர்த்துவதையும் குறிக்கும். ஒரு சொல்லின் பொருள் குழம்பினால் அதனை நம்பியவன் கைப்பொருளும் குழம்பும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமா?

பின்னர் நடந்ததை விரித்துரைக்க ஏதும் இல்லை. 2022-இல் வருவாய் 7.80 கோடி, இழப்போ 5.09 கோடி. 2023-இல் கட்டணத்தை 2.99-இலிருந்து 4.99 தாலராக உயர்த்தினர். ஆயினும் தொகுப்புவழி வந்த வருவாயும் உரிமம் விற்ற வருவாயும் குறைந்தமையால் மொத்தம் 5.69 கோடிக்கு இறங்கியது, இழப்பு 4.89 கோடி. துணிக்கடைக்காரர் மனம் மாறினார் என்க. 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுகளைக் கூட்டினால் வருவாய் ஏறத்தாழ 29.7 கோடித் தாலர்; இழப்பு ஏறத்தாழ 20 கோடித் தாலர். 10 தாலருக்குப் பங்கு வாங்கினோர் 2023-இல் அது 1 தாலருக்கும் கீழே போனதைக் கண்டனர். 1 தாலருக்குக் கீழே நெடுநாள் கிடக்கும் பங்கை நாசுடாக்கு தன் பட்டியலினின்று நீக்கிவிடும். ஆக்கத்தை எண்ணி முதலையே இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்று வள்ளுவர் சொன்னது வேந்தர்க்கு மட்டுமோ?

இதுவரை எழுதியதைக் கொண்டு, ஐயுற்றவர் எல்லாரும் அறிவர், நம்பினவர் எல்லாரும் பேதையர் என்று முடிவுகட்ட வேண்டா. ஆராயாமல் நம்புவது எவ்வளவு பிழையோ, ஆராயாமல் ஐயுறுவதும் அவ்வளவு பிழை. பங்கு 1 தாலருக்குக் கீழே சென்றபோது விற்றுவிட்டு ஓடினோரில் பலர், 10 தாலருக்குமேல் வாங்கியபோது எந்தக் கணக்கைப் பார்க்கவில்லையோ அதே கணக்கை விற்கும்போதும் பார்க்கவில்லை. 2020-இல் குறும்படங்களை ஓடவிடப் புறப்பட்டு 175 கோடித் தாலர் திரட்டி, ஏப்பிரலில் திறந்து திசம்பரில் மூடிக்கொண்ட குயிபி என்னும் நிறுவனத்தோடு இதனையும் ஒன்றாக வைத்துப் பேசினர். இரண்டும் ஒன்றல்ல.

கடன் என்று இந்நிறுவனத்திற்கு ஏதும் இல்லை. இது தலைமையான செய்தி; விலையை மட்டும் பார்த்தவர் கண்ணில் படாத செய்தி. வட்டி கட்டவேண்டாத நிறுவனம் செலவைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கலாம். கடன்காரன் கதவைத் தட்டமாட்டான். மற்றொன்று, இழப்பு என்று கணக்கில் எழுதியது முழுவதும் அவ்வாண்டில் கையைவிட்டுப் போன பணம் அன்று. படங்களுக்கான விலையை முன்னரே கொடுத்துவிட்டனர். அவ்விலையைப் பின்வரும் ஆண்டுகளுக்குப் பகுத்துப் பகுத்துச் செலவாக எழுதுவது கணக்கு நெறி. ஏர்மாட்டை வாங்கிய உழவன் அதன் விலையை ஐந்தாண்டுக்குப் பகுத்து எழுதினால், ஐந்தாம் ஆண்டில் கணக்கில் செலவு இருக்கும். ஆனால் கையிலிருந்து காசு போகாது. 2024-இல் நடந்தது இதுவே. வருவாய் 5.11 கோடி, கணக்கின்படி இழப்பு 1.29 கோடி, ஆயினும் தொழிலில் வந்த பணம் போன பணத்தைவிட மிகுதி. அவ்வாண்டிலேயே பங்காளர்க்கு முதன்முறையாக ஈவுத்தொகையும் கொடுக்கத் தொடங்கினர். பங்குக்குக் காலாண்டுக்கு இரண்டரைச் செண்டு. கணக்கில் இழப்பைக் காட்டும் நிறுவனம் ஈவு கொடுப்பதா என்று வினவினோர் உண்டு. பங்குகளில் குறிப்பிடத்தக்க பகுதி நிறுவனர் கையில் இருக்கையில் ஈவிலும் குறிப்பிடத்தக்க பகுதி அவர்க்கே போகும் என்று சுட்டினோரும் உண்டு. இவை கேட்கத்தக்க வினாக்களே. கணக்கைப் படித்தவர் கேட்ட வினாக்கள்.

2025-இன் முதற்காலாண்டில் நிறுவனம் முதன்முறையாக நிகர ஊதியம் கண்டது. (ஊதியம் என்பதைச் சம்பளம் எனக் கொள்ளற்க, முதலுக்குமேல் வரும் மிகுதியே ஊதியம்.) சிறு தொகைதான்; ஏறத்தாழ 3 இலக்கம் தாலர். அவ்வாண்டின் நடுவில் பங்கின் விலை 5 தாலரைக் கடந்தது. இம்மாற்றத்திற்குக் கரணியம் மீத்தெளிவுப் படத்தைக் காண மக்கள் திரண்டு வந்தமை என்று எண்ணிவிடாதீர்கள். செய்யறிவுப் பொறிகளைப் பழக்குவோர்க்குப் படங்கள் வேண்டியிருந்தன. மணிக்கணக்கில், தெளிவான, உரிமை வழக்கு எழாத படங்கள். இந்நிறுவனத்தின் களஞ்சியத்தில் அவை இருந்தன. மாந்தர் கண்ணுக்கென்று எடுத்த படத்திற்கு, கண்ணே இல்லாத பொறி விலை கொடுத்தது! எண்டிரிக்சு 2015-இல் இதனை எண்ணியிருக்க மாட்டார். அவரை நம்பினோரும் எண்ணியிருக்க மாட்டார். ஐயுற்றோரும் எண்ணியிருக்க மாட்டார்.

ஆகவே, இப்போது கேட்கவேண்டிய வினா மாறிவிட்டது. களஞ்சியத்தை ஒருமுறை கற்றுக்கொண்ட பொறி, அதே படத்திற்கு மறு ஆண்டும் விலை கொடுக்குமா? உரிமம் எத்தனை ஆண்டுக்கு, எத்தனைப் பேர்க்கு? அவ்வருவாயில் எவ்வளவு ஒரே முறை வருவது, எவ்வளவு ஆண்டுதோறும் வருவது? உறுப்பினர் என்னும் சொல்லில் நேர்ந்த குழப்பம் உரிமம் என்னும் சொல்லிலும் நேரக்கூடும். நேராமல் இருக்கவேண்டின், ஆண்டறிக்கையின் முதற்பக்கத்திலேயே மூன்று வரிகள் வேண்டும்: தம் பணத்தைத் தாமே செலுத்திப் பார்ப்போர் இத்தனைப் பேர், தொகுப்பின்வழி வந்தோர் இத்தனைப் பேர், உரிமத்தால் வந்த பணத்தில் மறு ஆண்டும் வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது இவ்வளவு. கூட்டுத்தொகை வேண்டா. பங்கு வாங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்: நிறுவனத்திற்கு மடல் எழுதி இம்மூன்று எண்களையும் கேளுங்கள்; விடை வரும்வரை புதிதாக ஒரு பங்கும் வாங்காதீர்கள், உள்ளதை அச்சத்தால் விற்கவும் வேண்டா.